பெங்களூர்: லேப் ஆண் நாயை மேட்டிங்குக்குக் கேட்கிறார்கள், எவ்வளவு வாங்குவது நியாயம்?

கம்மனஹள்ளிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஃபான் (வெளிர் மஞ்சள்) கலர் லேப், அதாவது லேப்ரடார், ஆண் நாய் இருக்கிறது. மூன்று வயது, கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) பேப்பர், அதாவது வம்சாவளிச் சான்றிதழ், உண்டு, மைக்ரோசிப் போட்டாயிற்று. ஷோவுக்கெல்லாம் கொண்டு போனதில்லை, மேட்டிங்கும் இதுவரை விட்டதில்லை. பக்கத்து அபார்ட்மென்ட்டில் ஒரு குடும்பம், அவர்களும் தமிழ்தான், அவர்களுடைய பெட்டைக்கு இவனைக் கேட்கிறார்கள். அதுவும் ஃபான் லேப்தான். "பணமெல்லாம் எதுக்கு சார், பிறந்ததும் ஒரு குட்டி எடுத்துக்கோங்க" என்கிறார் அந்த வீட்டுக்காரர். நாய்த்தீனி வாங்கும் கடையில் விசாரித்தால், கடைக்காரர் 25,000 கேளுங்கள், நான் பேசி முடித்துத் தருகிறேன், எனக்குப் பாதி என்கிறார். அவருக்கு ஏன் பாதி என்று இன்னும் விளங்கவில்லை.

தினமும் லிஃப்டில் முகம் பார்க்க வேண்டியவர்கள், அதனால் மனக்கசப்பு வேண்டாம். அதற்காக இளிச்சவாயனாகவும் இருக்க விருப்பமில்லை. நியாயமான தொகை எது, அதை எப்படிக் கணக்குப் போடுகிறீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஹொசகோட்டை கென்னல்

தம்பி, கடைக்காரரை முதலில் கழற்றி விடுங்கள். ஆள் தேடிக் கொடுத்தால் ஏதோ ஒரு கமிஷன், சரி. உங்களைத் தேடி வந்தவர்களே பக்கத்து வீட்டில் இருக்கும்போது அவருக்கு எதற்கு?

தொழிலில் ரொம்ப நாளாக இருக்கும் வழக்கம் இதுதான்: ஒரு குட்டியின் விலை, அல்லது ஒரு குட்டி. பேப்பரோடு லேப் குட்டி 25,000-க்குப் போகிறது என்றால் ஸ்டட் ஃபீஸும் (மேட்டிங்குக்கு ஆண் நாய்க்காரர் வாங்கும் தொகை) அதை ஒட்டி வரும். ஆனால் அது எந்த நாய்க்கு என்று பாருங்கள். ஷோவில் பட்டம் வாங்கிய நாய், அல்லது இரண்டு மூன்று லிட்டர் (ஒரே பிரசவத்தில் பிறக்கும் குட்டிகள்) கொடுத்து, அந்தக் குட்டிகள் வளர்ந்து எப்படி நிற்கின்றன என்று நாலு பேர் பார்த்துவிட்ட நாய். உங்கள் பையன் இன்னும் பிரம்மச்சாரி. அவனால் சினை பிடிக்குமா என்பதே யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட நாய்க்கு வழக்கமாகப் பாதிதான், சில சமயம் அதற்கும் கீழே. முதல் மேட்டிங்கை நான் 5,000-க்குக்கூட விட்டிருக்கிறேன். அந்த லிட்டர் நன்றாக வந்ததும், அடுத்த வருஷம் கேட்டவர்கள் வாயைத் திறக்காமல் முழுத்தொகை கொடுத்தார்கள்.

இன்னொரு விஷயம், தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் தோல்வியைப் பற்றிப் பேசுங்கள். சினை பிடிக்கவில்லை என்றால் என்ன? ஒரே ஒரு குட்டி பிறந்தால் என்ன? எல்லாம் செத்துப் பிறந்தால் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் முடிவாகாமல் 5,000 வாங்கினாலும் சண்டைதான், 50,000 வாங்கினாலும் சண்டைதான்.

ஜே.பி. நகர் லேப் அம்மா

பெட்டை வளர்க்கிற பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டாமா, அதனால் எழுதுகிறேன்.

"ஒரு குட்டியின் விலை" என்று ஆண் நாய்க்காரர்கள் சொல்லும்போது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. செலவு யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் போன முறை ஹீட் (பெட்டையின் பருவம்) வந்தபோது, எந்த நாளில் விடலாம் என்று தெரிய புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை, ஒரு தடவைக்கு ஆயிரத்துக்கு மேல், அதை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் ஸ்கேன். கடைசியில் எத்தனை குட்டி என்று பார்க்க எக்ஸ்ரே. பிரசவம் நடுராத்திரியில் சிக்கிக்கொண்டு சிசேரியன், அது மட்டும் 28,000. குட்டிகளுக்கு இரண்டு வாரத்திலிருந்து பூச்சி மருந்து, ஆறு வாரத்தில் முதல் ஊசி, பால் மறக்கும் நேரத்தில் அவை தின்கிற தீனி இருக்கிறதே, அதை எழுதினால் என் வீட்டுக்காரர் படித்துவிடுவார். எட்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆண் நாய்க்காரர் செய்தது என்ன? கேட்டைத் திறந்துவிட்டார். காபி கொடுத்தார். நல்ல காபிதான், இல்லை என்று சொல்லவில்லை.

ஏழு குட்டி பிறந்து தலைக்கு 20,000 என்றால் 1,40,000. அதில் செலவு 70,000 போனாலும் 20,000 ஸ்டட் ஃபீஸ் கொடுக்கலாம், வலிக்காது. மூன்றே குட்டி பிறந்தால்? வரவு 60,000. சிசேரியன் ஆகிவிட்டால் செலவு மட்டும் ஐம்பதைத் தொடும். அதில் 20,000 எடுத்துக் கொடுத்தால் கையிலிருந்துதான் போடவேண்டும். அதனால் என்னைக் கேட்டால், மேட்டிங் அன்று ஒரு சின்னத் தொகை, மிச்சம் குட்டிகளின் எண்ணிக்கைக்குத் தகுந்தபடி. மேட்டிங் அன்று 4,000, மூன்று வாரம் தாண்டி உயிரோடு இருக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் 1,500. இதுதான் இரண்டு பக்கத்துக்கும் நியாயம்.

ஹொசகோட்டை கென்னல்

மேடம், செலவுக் கணக்கில் நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற முறையில் எனக்கு இரண்டு சிக்கல். எத்தனை குட்டி என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பெட்டை: எத்தனை முட்டை வெளிவந்தது, அதன் வயது என்ன, சரியான நாளில் கொண்டு வந்தீர்களா. ஏழு வயதுப் பெட்டையைத் தப்பான நாளில் கொண்டுவந்து, இரண்டு குட்டி பிறந்தது, இந்தாருங்கள் 3,000 என்றால் என் நாய் என்ன பாவம் செய்தது?

இரண்டாவது, எண்ணிக்கையை மறைப்பார்கள். எட்டு பிறந்தால் ஐந்து என்பார்கள். கே.சி.ஐ.யில் லிட்டர் பதியும்போது ஆண் நாயின் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும், அங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று நினைப்போம், ஆனால் ஐந்துக்கு மட்டும் பேப்பர் எடுத்துவிட்டு மூன்றைப் பேப்பர் இல்லாமல் விற்றுவிடும் ஆட்களும் இருக்கிறார்கள்.

கம்மனஹள்ளித் தம்பி, அந்தக் கையெழுத்துதான் உங்கள் கையில் இருக்கும் பிடி. அதே சமயம், பாக்கி வரவேண்டும் என்று கையெழுத்தை நிறுத்தி வைத்து அலைக்கழிப்பதும் அசிங்கம். எந்தத் தேதியில் பணம், எந்தத் தேதியில் கையெழுத்து என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

சும்மா படிக்கிறவன்

பொண்ணு பார்க்கப் போனபோதுகூட எங்கள் வீட்டில் இவ்வளவு பேசவில்லை. தொடருங்கள்.

ஊசி டாக்டர்

கால்நடை மருத்துவர், கிழக்குப் பெங்களூரில் கிளினிக். எல்லோரும் ரூபாயைப் பேசுகிறீர்கள், ரத்தப் பரிசோதனையை யாரும் பேசவில்லை என்பதால் உள்ளே வருகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புருசெல்லா கேனிஸ் என்று ஒரு கிருமி. மேட்டிங்கில் ஆணிலிருந்து பெண்ணுக்கும் பெண்ணிலிருந்து ஆணுக்கும் போகும். வெளியே பார்த்தால் நாய் ஜம்மென்று இருக்கும். பெட்டைக்குக் கடைசி வாரங்களில் கரு கலையும், அல்லது குட்டிகள் பிறந்து ஓரிரு நாளில் சாகும். ஆணுக்கு விதை வீங்கும், பிறகு மலட்டுத்தன்மை. தடுப்பூசி கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முழுசாக ஒழிந்தது என்று உறுதி சொல்ல முடியாது. பிரசவம் பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் தொற்றும். ஆகவே இரண்டு நாய்களுக்கும், ஒவ்வொரு புது ஜோடிக்கும் முன்னால், பரிசோதனை. விரைவுப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் உடனே பயப்படவேண்டாம், அதில் தவறான பாசிட்டிவ் வருவதுண்டு, வேறு முறையில் உறுதி செய்யவேண்டும். நெகட்டிவ் இல்லாமல் மேட்டிங் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது டி.வி.டி. (TVT), மேட்டிங்கில் ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டி. நம் ஊரில் இது சர்வசாதாரணம். உறுப்பில் காலிஃபிளவர் போலச் சிவப்பாக வளரும், சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். பெட்டையின் சொந்தக்காரர்கள் அதை ஹீட் ரத்தம் என்று நினைத்து ஆணிடம் கொண்டுவந்து விடுகிறார்கள். நான் பார்த்த ஒரு கேஸில், ஹீட் முடிந்து ஒரு மாதமாகியும் "இன்னும் ப்ளீடிங் நிற்கல டாக்டர்" என்று வந்தார்கள், கையுறை போட்டுப் பார்த்தால் உள்ளே சுண்டைக்காய் அளவில் கட்டி. அதற்குள் மேட்டிங் முடிந்துவிட்டது. வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி போட்டால் பெரும்பாலும் குணமாகும், ஆனால் அந்த மருந்து ஆணின் விந்தணுவையும் பாதிக்கும். உங்கள் நாயைக் கேட்டு வருகிற பெட்டையை மேட்டிங்குக்கு முன்னால் ஒரு டாக்டர் பார்த்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

லேப் என்பதால் இன்னும் மூன்று. இடுப்பு எக்ஸ்ரே, இரண்டு வயது தாண்டியபின் எடுத்தது. பி.ஆர்.ஏ. என்ற கண் நோய்க்கு டி.என்.ஏ. பரிசோதனை. ஓடியாடும்போது பின்னங்கால் தளர்ந்து விழும் ஈ.ஐ.சி. என்ற கோளாறுக்கு டி.என்.ஏ. பரிசோதனை. கடைசி இரண்டிலும், உங்கள் நாய் குறையைச் சுமப்பவனாக, அதாவது தனக்கு நோய் இல்லாமல் குறையுள்ள மரபணு மட்டும் உள்ளவனாக, இருந்தாலும் பெட்டை சுத்தமாக இருந்தால் குட்டிகளுக்கு நோய் வராது. இரண்டும் சுமந்தால்தான் ஆபத்து. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பரிசோதனை.

தொகைக்கு என் பதில்: ஸ்டட் ஃபீஸ் என்பது அரைமணி நேரத்துக்கான கூலி அல்ல. அந்த ஃபைலில் என்னென்ன காகிதம் இருக்கிறதோ அதற்கான விலை. ஃபைல் காலியாக இருந்தால் ஃபீஸ் பூஜ்யம் என்றுகூடச் சொல்லமாட்டேன், மேட்டிங்கே வேண்டாம் என்பேன்.

ஓசூர் சிப்பிப்பாறை

டாக்டர் சார் சொன்னது நூற்றுக்கு நூறு.

நான் வளர்ப்பது நாட்டு நாய், ஓசூரில் வீடு, வேலை எலக்ட்ரானிக் சிட்டி. எங்கள் சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். அங்கே ஆண் நாய்க்காரனுக்குக் காசு கொடுத்து நான் பார்த்ததில்லை, குட்டிதான். ஆடு மாட்டை வாரத்துக்கு (வளர்ப்பவருக்குக் குட்டியில் பங்கு) விடுகிற ஊர், அந்தப் புத்தி நாயிலும் இருக்கிறது. ஆண் நாய்க்காரர் முதலில் வந்து ஒரு குட்டியைத் தொட்டுவிட்டுப் போவார், அப்புறம்தான் மற்றவர்களுக்கு.

அதில் ஒரு நல்லது உண்டு. காசு வாங்கிக்கொண்டு போனவனுக்குக் குட்டி எப்படிப் பிறந்தால் என்ன? குட்டியை வாங்குகிறவன் தன் நாயின் கோளாறைத் தானே வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் வரும் என்பது தெரிந்த விஷயம். செவிட்டுக் குட்டி கொடுக்கும் ஆணை ஊரில் இரண்டாவது தடவை யாரும் கூப்பிடமாட்டார்கள். முதோல் நாய் வைத்திருக்கும் பாகல்கோட்டைக்கார நண்பர் ஒருவரும் இதையேதான் சொன்னார்.

ஆனால் இந்த முறை பெங்களூர் அபார்ட்மென்ட்டுக்குச் சரிப்படுமா என்று கேட்டால், கஷ்டம். கம்மனஹள்ளி ப்ரோ, உங்களால் இரண்டாவது நாயை வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது என்றால் அந்தக் குட்டியை விற்கத்தானே போகிறீர்கள்? அப்போது பணமே வாங்கிவிடுங்கள்.

கம்மனஹள்ளிக்காரன்

இரண்டாவது நாய் என்று சொன்னால் வீட்டில் என்னையே வெளியே கட்டிப்போடுவார்கள். அசோசியேஷனிலும் இருக்கிற ஒன்றுக்கே மாதம் ஒரு மெயில் வருகிறது. அதனால் குட்டி வேண்டாம், பணம்தான்.

டாக்டர், இடுப்பு எக்ஸ்ரே எடுக்கவில்லை, டி.என்.ஏ.வும் இல்லை. ஹெப்பால் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். இந்தச் செலவு எல்லாம் என்னுடையதா, அவர்களுடையதா?

ஊசி டாக்டர்

உங்கள் நாயின் பரிசோதனை உங்கள் செலவு, அவர்கள் நாயினுடையது அவர்கள் செலவு. எக்ஸ்ரேயும் டி.என்.ஏ.வும் ஆயுளுக்கு ஒரு முறை, அதனால் அதை ஒரே மேட்டிங்கில் வசூலிக்கப் பார்க்காதீர்கள். புருசெல்லா மட்டும் ஒவ்வொரு முறையும்.

தெருநாய்க் கட்சி

ஒருவர்கூடக் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். எதற்காக இந்த மேட்டிங்? லேப் வாங்கி ஒரு வருஷத்தில் "வீடு மாறுகிறோம்", "குழந்தை பிறக்கப் போகிறது" என்று கொண்டுவந்து விடுகிறவர்களை இந்த நகரத்தில் ஷெல்ட்டர் நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏழு குட்டிக்கும் வீடு தயாராக இருக்கிறதா? நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017 விதிகள் என்று ஒன்று இருக்கிறது, அது யாருக்காவது தெரியுமா? குட்டி விற்பதற்காக இனப்பெருக்கம் செய்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்குப் பதினெட்டு மாதம் முடிந்திருக்க வேண்டும், எட்டு வயதுக்கு மேல் கூடாது, வருஷத்துக்கு ஒரு லிட்டர்தான், ஆயுளுக்கு ஐந்துதான். மேட்டிங்குக்குப் பத்து நாள் முன்னாலாவது டாக்டர் சான்றிதழ் வேண்டும். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியை விற்கக் கூடாது. "நாங்க சும்மா வீட்டுல ஒரு தடவை" என்கிற சாக்கெல்லாம் அதில் இல்லை.

ஹொசகோட்டை கென்னல்

கட்சிக்காரரோடு எனக்கு வழக்கமாக ஒத்துப்போகாது, இந்த இடத்தில் ஒத்துப்போகிறேன். நான் பதிவு செய்தவன். அந்த வீட்டாரிடம் குட்டிகளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் நாயின் பெயர்தான் அந்தப் பேப்பரில் அப்பா இடத்தில் நிற்கப்போகிறது.

ஜே.பி. நகர் லேப் அம்மா

அப்பா இடம் என்றதும் ஞாபகம் வந்தது, இதை ஒப்பந்தத்தில் கட்டாயம் போடுங்கள். எங்கள் வாக்கிங் குழுவில் ஒருவர், அவருடையதும் ஃபான் பெட்டை, ஃபான் ஆணிடம் விட்டார். சினை பிடித்தது, பிறந்த ஆறில் இரண்டு கன்னங்கரேல் என்று கருப்பு. அவர் என்ன செய்தார் தெரியுமா, ஆண் நாயின் சொந்தக்காரரிடம் போய் உங்கள் நாய் கலப்பு, பாக்கிப் பணம் தரமாட்டேன் என்றார். ஒரே ரகளை.

ஊசி டாக்டர்

இது சுலபமான கணக்கு. லேப்பில் மஞ்சள் நிறம், அதாவது நம்மவர்கள் ஃபான் என்பது, ஒடுங்கிய மரபணு இரண்டு சேர்ந்தால்தான் வரும். அதனால் ஃபானும் ஃபானும் சேர்ந்தால் ஃபான் மட்டும்தான் பிறக்கும், கருப்பும் வராது சாக்லேட்டும் வராது. அந்த இரண்டு குட்டிக்கும் அப்பா வேறு யாரோ. ஒரே லிட்டருக்கு இரண்டு அப்பா இருப்பது நாய்களில் நடக்கக்கூடியதுதான். பெட்டை முட்டை விட்டபின் அது பக்குவமாக இரண்டு நாள் ஆகும், அப்புறம் சில நாள் தாங்கும், விந்தணுவும் உள்ளே ஐந்து, ஆறு நாள் உயிரோடு இருக்கும். மேட்டிங் முடிந்துவிட்டது என்று மறுநாளே வாசலில் அவிழ்த்துவிட்டால் தெருவில் நிற்கிறவனுக்கும் பங்கு உண்டு.

ஹொசகோட்டை கென்னல்

அதனால்தான் நான் எழுதி வாங்குவேன்: மேட்டிங்குக்குப் பிறகு ஹீட் அடங்கும்வரை பெட்டையை வேறு ஆண் பக்கம் விடக்கூடாது, சந்தேகம் வந்தால் டி.என்.ஏ., செலவு யாருடைய சந்தேகம் தப்போ அவருடையது.

தம்பிக்கு நேராக ஒரு தொகை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தப் பேச்சு தீபாவளி வரை போகும். பரிசோதனை எல்லாம் எடுத்து நல்லபடி வந்தால் 12,000. அதில் 4,000 மேட்டிங் அன்று. 48 மணி நேர இடைவெளியில் இரண்டு மேட்டிங் அந்தத் தொகைக்குள் அடக்கம், உங்கள் நாய்க்கு அனுபவம் இல்லை என்பதால் பழக்கப்பட்ட ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டும் பூட்டிக்கொண்டு இருபது நிமிஷம், அரைமணி நிற்கும், அப்போது பிரித்துவிடப் பார்த்தால் இரண்டுக்கும் காயம். பெட்டைதான் ஆணின் வீட்டுக்கு வரவேண்டும், தன் இடத்தில் இருந்தால்தான் ஆண் தைரியமாக இருப்பான். விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 8,000 குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது. உயிருள்ள குட்டி இரண்டுக்குக் குறைவாக இருந்தால் மிச்சம் வேண்டாம், அல்லது அடுத்த முறை இலவச மேட்டிங், இரண்டில் ஒன்று.

ஜே.பி. நகர் லேப் அம்மா

தலைக்கு இவ்வளவு என்பதை நான் விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் இது பரவாயில்லை. மூன்று குட்டி என்றாலும் 12,000 தாங்கும். சிசேரியன் ஆனால் மிச்சத்தில் பாதி என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வீட்டு அம்மா உங்களைக் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

ஹொசகோட்டை கென்னல்

சிசேரியனுக்கு ஆண் நாய் பொறுப்பா மேடம்?

ஜே.பி. நகர் லேப் அம்மா

பொறுப்பில்லை. பக்கத்து வீடு.

கம்மனஹள்ளிக்காரன்

நேற்று அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்து பேசினேன். பெட்டைக்கு மூன்றரை வயது, இது முதல் லிட்டர். குட்டி கேட்டு இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒன்றை அவர்களே வைத்துக்கொள்வார்களாம், மிச்சத்துக்கு இன்னும் ஆள் இல்லை. விற்பதாக இருந்தால் பதிவு வேண்டும் என்றதும் அவர் கொஞ்சம் ஜெர்க் ஆகிவிட்டார், கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லையாம். அதனால் இந்த ஹீட்டை விட்டுவிட்டு அடுத்த ஹீட்டில் பார்ப்போம், அதற்குள் அவர்கள் பதிவை முடிக்கட்டும், நான் எக்ஸ்ரேயும் டி.என்.ஏ.வும் எடுக்கிறேன் என்று முடிவானது. 12,000-க்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார். அவருடைய மனைவி, புருசெல்லா மனிதர்களுக்கும் வரும் என்று தெரிந்ததும் பரிசோதனைக்கு என்னைவிட அவசரப்படுகிறார். சிசேரியன் வரியைச் சேர்த்துவிட்டேன், கென்னல் அண்ணன் மன்னிக்கவும்.

கையால் எழுதினால் போதுமா, ஸ்டாம்ப் பேப்பர் வேண்டுமா?

ஹொசகோட்டை கென்னல்

வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள், அண்டை வீட்டாருக்குள் அது போதும். இரண்டு நாயின் மைக்ரோசிப் எண்ணும் அதில் இருக்கட்டும். பணத்தை யு.பி.ஐ.யில் வாங்குங்கள், தேதி நிற்கும். இன்னொரு வரி விட்டுப்போயிருக்கும் பாருங்கள்: இலவச மேட்டிங் அதே பெட்டைக்கு மட்டும், அடுத்த ஒரு ஹீட்டுக்கு மட்டும், அதற்குள் அவர்கள் வீடு மாறிப் போனாலோ உங்கள் நாய்க்கு முடியாமல் போனாலோ 4,000-ஐத் திருப்பித் தருவதா இல்லையா.

கம்மனஹள்ளிக்காரன்

திருப்பித் தருவதாகப் போட்டுவிடுகிறேன். எக்ஸ்ரே ரிசல்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன், டாக்டர் ஒரு பார்வை பாருங்கள்.